ஆற்றுக்கு அக்கரையில் ஷெல்ஜான்

ஷெல்ஜான்
செப்டம்பர், திங்கட்கிழமை காலை

என் அன்பு மகள் எல்வானாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், வேலைக்குப் போகிற வழியும் திரும்புகிற வழியும் உங்களுக்குப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் காபிக்குத் தண்ணீர் வைக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். எனக்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, டாக்டரம்மா உப்பைக் குறை என்கிறார், உப்பில்லாத பாலாடைக் கட்டியை எப்படித் தின்பது என்று அவரிடமே கேட்டேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆனால் மாத்திரை போட மாட்டார், ராக்கிச் சாராயத்தைத் தேய்த்துக்கொள்கிறேன் என்று பாட்டிலை எடுப்பார், முழங்காலுக்குப் பாதி, வாய்க்குப் பாதி. இந்த வருஷம் அத்தி நன்றாகக் காய்த்தது, பறிக்கத்தான் ஆள் இல்லை. எதிர்வீட்டில் இருந்த கடைசிப் பிள்ளையும் பெல்ஜியம் போய்விட்டான். நீ இரவு வேலை முடித்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அப்படிச் செய்யாதே கண்ணு, ஆஸ்பத்திரியில் ஊர்ப்பட்ட நோயாளிகளைத் தூக்கி நிமிர்த்துகிறவளுக்கு வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும், ஒரு தட்டு பீன்ஸ் சூப்பாவது சூடு பண்ணிக் குடி.

போன வாரம் போனில் நீ கேட்டாயே, இரண்டு ஊர்க் கால்பந்துக் கிளப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன, ஒரு பந்துக்காக அப்பா ஏன் இப்படிச் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று. அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் போனை எடுத்தாலே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதை நீட்டுகிறார். இப்போது மிதாத்திடம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அங்கே போனால் மதியம் வரை வர மாட்டார், அதனால் நிதானமாக எழுதுகிறேன். கிளப்பின் கதையை உன் அப்பா உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொல்லுகிற கதையில் நான் இருக்க மாட்டேன், அதில் எல்லாரும் பந்தை உதைத்துக்கொண்டே இருப்பார்கள், சாப்பிட மாட்டார்கள், துணி துவைக்க மாட்டார்கள். நான் பார்த்ததை நான் சொல்கிறேன்.

ஆரம்பம் நானும் கேள்விப்பட்டதுதான். அரசர் காலத்தில் மருந்துக்கடை இல்யாஸ் இத்தாலியிலிருந்து மருந்துப் பெட்டிக்குள் ஒரு தோல் பந்தை வைத்துக் கொண்டுவந்தார், ஆற்றோரம் எருமை மேய்கிற இடத்தில் நான்கு கம்பம் நட்டார், புகையிலைக் கிடங்கு ஆட்களைச் சேர்த்து ஷெல்ஜான் கிளப் என்று பெயர் வைத்தார். பச்சைச் சட்டை. ஒருநாள் பந்து ஆற்றில் விழுந்து மிதந்து அக்கரைக்குப் போனது, ப்ரேகாஸ் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. அந்தப் பந்தை வைத்து அவர்களும் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். எங்கள் பந்தைத் திருடிக் கிளப் நடத்துகிறார்கள் என்று இங்கே சொல்வார்கள், ஆறு கொடுத்த பந்து என்று அங்கே சொல்வார்கள். அன்றிலிருந்து சதுப்பில் இருக்கிற அவர்கள் நமக்குத் தவளைகள், வெங்காயம் போடுகிற நாம் அவர்களுக்கு வெங்காயம். என் மாமியார் ப்ரேகாஸ்காரி ஒருத்தியிடம் வாழ்நாள் முழுக்க முட்டை வாங்கவில்லை, தவளை முட்டை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். போர் முடிந்து பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. தொழிலாளர் கிளப்புக்கு ஊர்ப் பெயர் எதற்கு என்று சொல்லி ‘புனா’ என்று மாற்றினார்கள், உழைப்பு என்று அர்த்தம், பச்சையும் சிவப்பானது. மருந்துக்கடையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு இல்யாஸ் மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஆனால் கோல் விழுந்தால் யாரும் ‘புனா’ என்று கத்தியதில்லை, ஷெல்ஜான் என்றுதான் கத்துவார்கள், கூட்டத்தில் யார் வாய் என்று எந்தப் போலீஸ்காரன் கண்டுபிடிப்பான். உன் அப்பா ஆட்டக்காரர் இல்லை, அது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கிளப்புக்குச் செயலாளர். ஆடியவன் உன் சித்தப்பா ஃபாதோஸ். கோல்கீப்பர். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் ஆண்பிள்ளை என்று ஒருவரும் இருக்க மாட்டார்கள், நான் அந்த விளையாட்டை அப்படி வெறுத்தேன்.

தொண்ணூற்றொன்றில் நீ என் வயிற்றில் ஏழு மாதம். கடையில் ரொட்டிக்கு விடியுமுன் வரிசை, பால் கண்ணிலேயே படாது. தலைநகரத்தில் கட்சித் தலைவர் சிலையைக் கீழே தள்ளிவிட்டார்கள், பெரிய கட்சி பயந்து நிற்கிறது என்று தெரிந்துபோயிற்று. மார்ச் முதல் வாரம் ஒருநாள் துர்ரெஸ் துறைமுகத்தில் காவல் இல்லை, இத்தாலிக்குப் போகிற கப்பலில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று பேச்சு வந்தது. ஊர் முழுக்க அடுப்பை அணைக்காமல் ஓடுவது போல ஓடியது. ஃபாதோஸ் வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, “அண்ணி, ஒரு போர்வை, ரெண்டு ரொட்டி, போதும், கெளம்புங்க, லாரி நிக்குது” என்றான். கோட்டுக்கு உள்ளே கிளப்புச் சட்டை போட்டிருந்தான். எல்லாருமே அப்படித்தான், இத்தாலிக்குப் போனால் ஆட்டக்காரன் என்று காட்டிக்கொள்ள வேண்டுமாம். அப்படியாக ஒரே காலையில் அணியும் போனது, சட்டைகளும் போயின. நான் துணிகளை மூட்டை கட்டிவிட்டேன். உன் அப்பா சமையலறையில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு மெரேமே” என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். ஆட வராத அணியின் பெயரை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஒருமுறை எடுத்தால் இந்த ஊரில் இனி யார் ஆரம்பிக்கப்போகிறார்கள் என்றார். நான் சொன்னேன், “உன் புள்ளைக்குப் பாலு இல்ல ரெஜெப். லீக்கைக் கறந்து குடுப்பியா?” அவர் என் முகத்தைப் பார்க்காமல், “நான் உன்னைத் தடுக்கல. ஃபாதோஸ் கூடப் போ. ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் நான் வந்துடறேன்” என்றார். எல்லாரும் போயிட்டா எதை ஊருன்னு சொல்றது என்று அதற்கப்புறம் மெதுவாகச் சொன்னார், அதற்கு மேல் கேட்க நான் நிற்கவில்லை.

பெரிய சாலை வரை மூட்டையோடு நடந்தேன். லாரியில் நிற்க இடமில்லை, ஆனாலும் ஃபாதோஸ் கையை நீட்டினான், அவன் பின்னால் இருந்த இன்னொருவனும் நீட்டினான், ஏறுங்க அண்ணி, புடிச்சுக்கறேன் என்றான். நான் ஏறவில்லை. பயமா, வயிறா, உன் அப்பா மேல் இருந்த கோபமா, எது என்னை நிறுத்தியது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லாரி போய் வெகுநேரம் அந்தக் கை நீண்டபடியே தெரிந்தது. உன் சித்தப்பா இத்தாலியில் பட்ட பாடும், இன்று அங்கே பாரி நகரத்தில் சொந்த வீடு கட்டி இருப்பதும் உனக்குத் தெரியும். நான் திரும்பி வந்தால் உன் அப்பா எங்கள் கல்யாணத்துக்கு என் அம்மா பின்னிக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோல்கீப்பர் அவர்தானாம். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. நான் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, “அதைக் கழட்டு. அது மண்ணுல பொரள்றதுக்குப் பின்னுனது இல்ல” என்றேன். அவ்வளவுதான் அன்றைக்கு நாங்கள் பேசியது.

மற்ற ஆட்டக்காரர்கள் என்ன உடுத்துவது என்று அடுத்த கேள்வி. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே மாட்டார்கள், ஏழு பேரைத் தேற்றுவதற்குள் உன் அப்பாவுக்கு நாக்கு தள்ளிவிட்டது. முடிவெட்டுகிற மிதாத், டீசல் இல்லாமல் சும்மா இருந்த பஸ் டிரைவர், மாட்டு டாக்டர், கப்பலில் ஏறப் போய்க் கூட்டத்தில் கால் மிதிபட்டுத் திரும்பிவந்த இரண்டு பேர், அஞ்சல்காரர், உன் அப்பா. நான் அப்போது துணி தைக்கிற கூட்டுறவில் வேலை பார்த்தேன். துணி எங்கேயும் இல்லை. கலாசார மண்டபத்துப் பின்னறையில் கட்சிப் பதாகைகளைச் சுருட்டி எறிந்திருந்தார்கள், நல்ல கனமான சிவப்புத் துணி. அதை எடுத்துவந்து வெட்டினேன். வெள்ளை எழுத்தைப் போக்க நேரமில்லை, ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு துண்டு வாசகம் விழுந்துவிட்டது. மாட்டு டாக்டர் முதுகில் ‘வாழ்க’, மிதாத் முதுகில் ‘எதிரி’. அவன் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏன் மெரேமே, ஊர்ல அத்தனை பேர் இருக்க இந்தத் துண்டு எனக்கா வரணும்?” என்றான். பத்து வருஷமா எங்க தலையைக் கடிச்சு வெச்சதுக்கு இதுதான் சரி என்று பஸ் டிரைவர் சொன்னான், எனக்கே சிரிப்பு வந்தது, அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

எதிரணி யார் என்றால் ப்ரேகாஸ். ஞாயிறு மதியம் பாலத்தின் மேல் நடந்து வந்தார்கள், அவர்கள் ஊரையும் கப்பல் விட்டுவைக்கவில்லை, ஒன்பது பேர்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒன்பது பேரும் நிஜ ஆட்டக்காரர்கள். தலைவன் தாசிம், டிராக்டர் மெக்கானிக், கழுத்து எருதுக்கு இருப்பது போல. நடுவர் எங்கிருந்தோ சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் பெண்களும் கிழவர்களும்தான். நானும் போய் நின்றேன், ஏன் போனேன் என்று கேட்காதே, இந்த மனிதன் எதற்காகக் கப்பலை விட்டார் என்று பார்த்துவிடலாம் என்று போனேன். தாசிம் நம் பக்கத்தை ஒருமுறை பார்த்தான். நம் அப்பாவி மாட்டு டாக்டர் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டிருந்தார். தாசிம் தன் ஆட்களில் இரண்டு பேரைத் தோளில் தட்டி வெளியே போகச் சொன்னான். நடுவர், சட்டப்படி அதற்கு அவசியம் இல்லை, ஒன்பது பேரோடே ஆடலாம் என்றார். “சட்டத்துக்கு வேணாம். எனக்கு வேணும்” என்றான் தாசிம். பாலத்துப் பக்கம் நின்ற அவன் ஊர்க்காரர்கள் அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள். அவன் திரும்பியே பார்க்கவில்லை.

அதற்காக இரக்கப்பட்டு ஆடினான் என்று நினைத்துவிடாதே. உன் அப்பா கோல் கம்பத்துக்கு நடுவில் வகுப்பில் நிற்பது மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், தாசிம் வந்து ஒரு பக்கம் அடித்தான், இன்னொரு பக்கம் அடித்தான், மூன்றாவது முறை பந்து நேராக உன் அப்பா முகத்தில் பட்டு வெளியே போனது. அதுதான் அவர் தடுத்த ஒரே பந்து, அவருடைய மூக்கு இடது பக்கம் சாய்ந்திருப்பது அதனால்தான், போரில் அடிபட்டது போலச் சொல்லிக்கொள்வாரே. இரத்தம் ஒழுகியது. தாசிம் தன் கைக்குட்டையைக் கொடுத்து, “வாத்தியாரே, வெளிய போய் உக்காரு” என்றான். “நான் போனா ஆறு பேரு. ஆட்டம் நின்னுடும். நீ அடி” என்றார் உன் அப்பா. அவனும் அடித்தான். மிதாத் பந்தைத் தொட்ட போதெல்லாம் அக்கரைக்காரர்கள், எதிரி வர்றான், வழி விடுங்கடா என்று கத்தினார்கள். கடைசியில் வழி விட்டே விட்டார்கள் போலிருக்கிறது, எங்கேயோ பட்டுத் திரும்பிய பந்து மிதாத்தின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. எல்வானா, ஐந்து கோல் வாங்கிய பிறகு விழுந்த அந்த ஒரு கோலுக்கு இந்த ஊர்ப் பெண்கள் போட்ட சத்தம் உன் காதிலும் விழுந்திருக்க வேண்டும், நீ உள்ளேயிருந்து அப்படி உதைத்தாய். ஷெல்ஜான் என்று கத்திக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி என்று பக்கத்தில் நின்றவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முடிந்து போகும்போது தாசிம் கேட்டான், “அடுத்த வருஷம் எங்க ஊருக்கு வருவீங்கல்ல?” வருவோம் என்றார் உன் அப்பா. அடுத்த வருஷம் போனார்கள், புதுப் பையன்களைச் சேர்த்து முழு அணியோடு, பழைய பச்சைச் சட்டையோடு, ஊர்ப் பெயரோடு. இத்தாலிக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் வருவதாகச் சொன்ன மனிதர் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை, நீ பிறந்துவிட்டாய்.

அப்புறம் நடந்தது எல்லாம் நீயே வளர்ந்து பார்த்ததுதான். தொண்ணூற்றேழில் சீட்டுக் கம்பெனிகள் திவாலாகி ஊரே துப்பாக்கியோடு அலைந்தபோது கோல் கம்பத்தைக்கூட இரும்புக்கு அறுத்துக்கொண்டு போனார்கள், மறுபடி நட்டோம். அதைவிட மெதுவாக வந்ததுதான் பெரிய அடி. ஒவ்வொரு கோடைக்கும் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள், பிள்ளைகள் அணி நின்றது, போன வருஷம் பெரியவர்கள் அணியும் பாதி. ப்ரேகாஸிலும் அதே கதை. மிதாத்தின் மகன் எர்மால்தான் இப்போது நம் கிளப்புத் தலைவர், அவன்தான் சொன்னான், ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்குவோம், இல்லேன்னா ரெண்டுமே இல்ல என்று. உன் அப்பா அன்று முதல் அவன் வணக்கத்தைக்கூட ஏற்கவில்லை.

கூட்டம் ஆகஸ்ட் கடைசியில் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் நடந்தது, நம் பக்கம் ஒரு வரிசை, அவர்கள் பக்கம் ஒரு வரிசை. பெயர் யாருடையது என்பதிலேயே மண்டை உடையும் போலிருந்தது. இரண்டு பெயரையும் ஒட்டிவிடலாம் என்றான் ஒருவன், எது முன்னால் என்று அடுத்த சண்டை. உன் அப்பா எழுந்து, இந்தக் கிளப்பை நாங்க மூக்கு ஒடைஞ்சு காப்பாத்துனது தவளைக் குட்டைல கரைக்கறதுக்கு இல்ல என்றார். நம் பக்கம் கைதட்டினார்கள், அவர்கள் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. அப்போது பின்னாலிருந்து தாசிம் எழுந்தார். இப்போது ஊன்றுகோல், எருதுக் கழுத்து வற்றிப்போய்விட்டது. பேரனும் போன மாதம் ஜெர்மனிக்குப் போயிட்டான், கிளப்புல கோல்கீப்பர் அவன்தான் என்று ஆரம்பித்தார். “ரெஜெப், பேரு உன்னோடதே இருக்கட்டும். ஷெல்ஜான்னே வெச்சுக்க. சட்டையும் பச்சையே இருக்கட்டும். மிச்சம் இருக்கற பசங்க ஆடணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்றார். அவர் ஊர்க்காரர்களே அவரைத் துரோகி என்றார்கள். ஒருவன், உனக்கு வயசாயி மூளை கலங்கிடுச்சு என்று முகத்துக்கு நேரே சொன்னான். தாசிம் உட்கார்ந்துவிட்டார். கூடம் முழுக்கச் சத்தம். உன் அப்பா மட்டும் நின்றபடியே இருந்தார், நான் அவர் சட்டையை இழுத்தும் உட்காரவில்லை. சத்தம் அடங்கக் காத்திருந்து, பள்ளிக்கூடத்தில் சொல்வது போல நிதானமாக, “அப்போ ஆட்டம் அங்க. எல்லா மேட்சும் ப்ரேகாஸ் மைதானத்துல” என்றார். நம் பக்கத்திலிருந்து, விற்றுவிட்டான் வாத்தியார் என்று குரல் வந்தது. அவர் கையைத் தூக்கினார், மிதாத் தூக்கினான், பிறகு மெதுவாக மற்றவர்கள். அப்படித்தான் முடிந்தது. நீ போன் செய்தது அதற்கு அடுத்த நாள். சாப்பிடாமல் கிடந்தது அதனால்தான். தோற்றதற்காக இல்லை, இல்யாஸ் கம்பம் நட்ட இடத்தைத் தன் வாயாலேயே கொடுத்துவிட்டோமே என்று.

நேற்று முதல் ஆட்டம். போக மாட்டேன் என்றார், காலையிலேயே சவரம் செய்துகொண்டார். நானும் கூடப் போனேன். அந்த முழங்காலோடு பாலத்தைக் கடக்க எங்களுக்கு எவ்வளவோ நேரம் ஆனது, நடுவில் நின்று, காற்று நல்லா இருக்குல்ல என்று சொல்லிக்கொண்டார். என் ஆயுசில் நான் ப்ரேகாஸ் மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றோம், ஒரு அம்மாள் தன் மடியில் இருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நகர்த்திவிட்டு, உட்காரு வெங்காயம், நின்னா மறைக்குது என்றாள். உட்கார்ந்தோம். நம் பிள்ளை யார், அவர்கள் பிள்ளை யார் என்று பச்சைச் சட்டையில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு பையன், ப்ரேகாஸ் பையன்தான் என்று அப்புறம் சொன்னார்கள், தூரத்திலிருந்து அடித்தான், கோல். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள் எல்வானா. வாயைத் திறந்துவிட்டார்கள், என்ன கத்துவது என்று தெரியவில்லை. அந்தப் பெயரை அந்த ஊரில் திட்டுவதற்குத் தவிர யாரும் சொன்னதில்லை. ஒரு கணம் மைதானத்தில் பறவைச் சத்தம் கேட்டது. அப்புறம் கீழே முன்வரிசையில் தாசிம் ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டு கரகரத்த குரலில் ஷெல்ஜான் என்றார். பக்கத்தில் ஒருவன் சொன்னான், பிறகு விதைக்கார அம்மாள் சொன்னாள், பிறகு அக்கரை ஊர் முழுக்க நம் ஊர்ப் பெயரைக் கத்தியது. உன் அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு அவருக்கும் சேர்த்துக் கத்தினேன்.

வாசல் கதவு சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார் போல. எர்மாலின் மச்சான் புதன்கிழமை பஸ்ஸில் ஸ்டுட்கார்ட் வருகிறான், அவனிடம் காய்ந்த அத்தியும் மலைத் தேயிலையும் இரண்டு ஜாடி ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், ஜாடியை மட்டும் மறக்காமல் திருப்பி அனுப்பு, இங்கே நல்ல மூடியோடு ஜாடி கிடைப்பதில்லை. குளிர் தொடங்குமுன் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். சித்தப்பாவிடம் மாதம் ஒருமுறையாவது பேசு, தனியாக இருக்கிறவன். நான் இதையெல்லாம் எழுதினேன் என்று அப்பாவிடம் சொல்லாதே, கோல் எப்படி விழுந்தது என்று மட்டும் கேள், அவரே சொல்லட்டும். கடவுள் உன் கைகளுக்கு வலுவும் உன் வீட்டுக்கு வெளிச்சமும் கொடுக்கட்டும், நீ தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்டநாள் இருங்கள்.

இரண்டு கன்னத்திலும் முத்தங்களுடன்,
உன் அம்மா
மெரேமே